குரலுக்கேற்ற கட்டை

இவ்வாண்டு மலருக்கு இசை பற்றி எழுதச் சொன்னார்கள். நான் வித்வான் அல்லன். சித்தூரில் வளர்ந்து, பாட்டுக் கற்றுக்கொண்டு, பாதியில் விட்டவன். விட்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே ஐந்து கட்டை சுருதிதான். ஒருநாள் மேல் ஸட்ஜத்தில் என் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. "உனக்குச் சாரீரம் போயிடுச்சுப்பா, இனிமே வேணாம்" என்றார் ஆசிரியர். நானும் நம்பிவிட்டேன்.

உண்மையில் சாரீரம் எங்கும் போகவில்லை, இறங்கியிருந்தது. குரல் நாண்கள் ஆண்களுக்குச் சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். பெண்களுக்கு 12 முதல் 17 வரை. நீண்டு தடித்த தந்தி தாழ்ந்து ஒலிக்கும் என்பது தம்புராவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பையன்களுக்கு வாலிபம் தொடங்கும்போது இந்த நாண்கள் வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது.

மேல்நாட்டார் பாடகர்களை சொப்ரானோ, மெஸோ, கான்ட்ரால்டோ, டெனர், பாரிடோன், பேஸ் என்று ஆறாகப் பிரிப்பார்கள். எட்டும் எல்லை மட்டும் அதற்கு அளவுகோல் அல்ல. குரல் எந்த இடத்தில் சிரமமின்றி நிற்கிறது, அதன் நிறம் என்ன, எங்கே மாறுகிறது என்பதையும் பார்க்கிறார்கள். ஒரே எல்லையுள்ள இருவர் வெவ்வேறு வகையாக இருக்கலாம். அங்கே பாட்டின் சுருதி பெரும்பாலும் எழுதும்போதே நிச்சயமாகிவிடுவதால், பாட்டுக்கேற்ற குரலைத் தேட வேண்டியிருக்கிறது.

நம் வழக்கம் வேறு. ஸட்ஜத்தைப் பாடுபவரே வைத்துக்கொள்கிறார். ஆர்மோனியத்தின் 'சி' ஒரு கட்டை, 'ஜி' ஐந்து கட்டை. கச்சேரிக்குப் பொதுவாக மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி வேண்டும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு அது நொடிக்கு 98 முதல் 392 அதிர்வுகள். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 147 முதல் 587. தூரம் இருவருக்கும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

இப்போது கூட்டுப் பாட்டின் சிக்கல் புரியும். ஐந்து கட்டையில் பெண்களோடு சேரும் ஆண், அதே ஸட்ஜத்தில் பாடினால் உச்சியில் கத்த வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே போனால் மந்தர பஞ்சமம் 73 அதிர்வுக்கு இறங்கும். அங்கே பலருக்கும் வெறும் காற்றுத்தான் வரும். தப்பு குரலிலா? கட்டையில்!

நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடர்; 1954இல் சங்கீத கலாநிதி ஆனவர். இவருடைய சீடர் மதுரை சோமு. குருவிடமிருந்து பாணி வரும், லயம் வரும், குரல் வராது. திருப்பதியில் எம்.எஸ். அம்மாவின் சிலையைக் கடக்கும்போதெல்லாம், "அவங்க மாதிரி என் பொண்ணு பாடணும்" என்று சொல்லும் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். பக்தியையும் பாடாந்தரத்தையும் கேளுங்கள் அம்மா, கட்டையைக் கேட்காதீர்கள்.

கட்டையைக் கண்டுபிடிப்பது எளிது. அழுத்தாமல் தெளிவாக வரும் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை மந்தர பஞ்சமமாக வைத்து, அதற்குரிய ஸட்ஜத்தைப் பிடியுங்கள். மேலே தார பஞ்சமம் வரை போய்ப் பாருங்கள். தொண்டை இறுகினால் அரைக் கட்டை குறையுங்கள்; கீழே காற்றானால் அரைக் கட்டை ஏற்றுங்கள். வளரும் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நாற்பது வயதுக்குமேல் திருப்பதியில் ஒரு பஜனையில், பக்கத்திலிருந்த பெரியவர் சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கி, "இப்போ பாடுங்க சார்" என்றார். பாடினேன். குரல் அங்கேயேதான் இருந்தது.

சங்கத்துப் பாட்டு வகுப்பில் ஒரு பையனின் குரல் உடைந்தால், அவனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள்.