அருந்ததியைப் படம் பிடிப்போம்

திருமணத்தில் அருந்ததி பார்க்கும் சடங்கை நாம் அறிவோம். என் அக்காள் திருமணத்திலும் ஐயர் கை காட்டினார். நண்பகல் 12 மணி. மேலே மண்டபத்துக் கூரை! பாட்டி மெல்லச் சொன்னார்: "விடியக்காலையில பெரட்டுக்குப் போறப்ப தெனம் பார்த்த வானம்டா. இங்க என்னத்தக் காட்டுறாரு?"

ஆகவே, ஜூன் மாத நடுவில் ஓர் அமாவாசை இரவு, கூரைப்புடவையோடு அக்காளைச் சுங்கை சிப்புட்டில் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்திற்கே அழைத்துச் சென்றோம். லயங்கள் இல்லை, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எஞ்சியிருப்பது கோயில் திடல் மட்டுமே.

ஈப்போவில் மணமக்கள் விரும்பிப் படமெடுக்கும் 1917-இல் கட்டிய இரயில் நிலையத்தின் முன் விளக்கொளி மிகுதி, மீன்கள் தெரியா. நிலவும் நகர வெளிச்சமும் இல்லாத திறந்தவெளி வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் உள்ள மூன்று மீன்களில் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவதே அருந்ததி. பேராக்கில் மே இறுதியில் இரவு 10 மணியளவிலும், ஜூன் நடுவில் 9 மணியளவிலும் இவை வடக்கே சுமார் 40 பாகை உயரத்தில் நிற்கும்.

கேமராவை முக்காலியில் செங்குத்தாகப் பொருத்துங்கள். 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, திறப்பு நேரம் 20 விநாடி. டார்ச் லைட்டை முகத்தில் அடித்துக் குவியத்தைச் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள். திறப்பின் தொடக்கத்தில் மிகக் குறைந்த ஃபிளாஷ் ஒருமுறை போதும். கூடினால் ஜரிகை வெளுத்துவிடும். பூமி சுழல்வதால், நேரம் நீண்டால் மீன்கள் கோடுகளாகிவிடும். லென்ஸில் பனி படியும். அடிக்கடி துடைக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்; தனியே செல்லாதீர்கள்.

எங்கள் முதல் படம் வீணானது. கொசுக்கடியில் அக்காள் அசைய, வானத்தின் முன் அவருக்கு இரண்டு தலைகள்! மூன்றாவது படத்தில் பாட்டியே எண்ணினார், ஒன்று முதல் இருபது வரை. அக்காள் சிலையாக நின்றார்.

பாட்டிக்குத் திருமணப் படமே கிடையாது. பெரிதாக்கிய அந்தப் படத்தில் அக்காளின் தலைக்கு மேலே இரண்டு புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, "இதான்" என்றார். நண்பர்களே, உங்கள் பாட்டி வாழ்ந்த தோட்டத்தில் ஒரு திடலாவது எஞ்சியிருக்கும்போதே ஓர் இரவு அங்கே சென்று வாருங்கள்.