திண்டிவனம் வானத்தில் கறுப்புத் திட்டுகள்: செல்போனில் படம் பிடிக்க முடியுமா?

திண்டிவனம் - விழுப்புரம் நெடுஞ்சாலையில் இரவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வானத்தைப் பாருங்கள். கொஞ்சம் நட்சத்திரங்கள்தான் தெரியும். அதே ஆள் மே மாத அமாவாசையன்று செஞ்சிக்கு மேற்கே, விளக்கில்லாத வயல்வெளிக்குப் போனால் பால்வீதியே தெரியும். அதன் நடுவே யாரோ மை கொட்டியது மாதிரி கறுப்புத் திட்டுகளும் இருக்கும். அவைதான் இருண்ட நெபுலாக்கள்.

ஓட்டையா, மேகமா?

வில்லியம் ஹெர்ஷல் காலத்தில் இவற்றை நட்சத்திரமே இல்லாத வெற்றிடங்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் இவை மிகக் குளிர்ந்த வாயுவும் தூசியும் சேர்ந்த மேகங்கள். பின்னால் இருக்கும் நட்சத்திர ஒளியை மறைக்கின்றன. இவற்றுக்குள்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. சிறுவயதில் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்த அமெரிக்க வானியலாளர் பர்னார்டு, வருடக்கணக்கில் வானத்தைப் படமெடுத்து, 1919-ல் இப்படிப்பட்ட 182 திட்டுகளைப் பட்டியலிட்டார்.

எங்கே பார்ப்பது?

விருச்சிகத்தில் சிவப்பாக மின்னும் கேட்டை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே, கையை நீட்டி ஒன்றரை முஷ்டி தள்ளி ‘பைப் நெபுலா’ இருக்கிறது. மே நடுவில் அதிகாலை 2 மணிக்கு நல்ல உயரத்தில் நிற்கும்.

இன்னொன்று, திரிசங்கு நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டிய ‘கரிமூட்டை’. மே நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே வரும். ஆனால் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரிதான். திண்டிவனத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் புதுச்சேரி வெளிச்சம் இருப்பதால் சிரமம்தான்.

டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கரிமூட்டை அடிவானத்துக்கு மேலேயே வராது. தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பதால்தான், நம்மைப் போலவே 12 டிகிரி அட்சரேகையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது.

செல்போன் போதுமா?

தொடங்கப் போதும். ட்ரைபாடு கட்டாயம். ப்ரோ மோடில் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வையுங்கள். ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 15 நொடி. அதற்கு மேல் போனால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். டைமர் வைத்து ரா ஃபார்மட்டில் 40 படம் எடுங்கள். ‘சீக்வேட்டர்’ போன்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் இரைச்சல் குறைந்து கறுப்புத் திட்டு எழும்பி வரும். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஃபில்டர் போட்டால் மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாமா?

முடியாது. சிவப்பாக ஒளிரும் நெபுலாக்கள் சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் ஒளி வீசுவதால், ஃபில்டர் போட்டு நகரத்திலிருந்தே எடுக்கிறார்கள். இருண்ட நெபுலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னணி நட்சத்திர ஒளி எல்லா நிறமும் கலந்தது; தெருவின் எல்இடி விளக்கும் அப்படித்தான். இரண்டையும் ஃபில்டரால் பிரிக்க முடியாது. வானம் வெளுத்தால் கறுப்பும் காணாமல் போகும்.

அதனால் ஒரே செட்டிங்கில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டு மாடியில், இன்னொன்று ஊருக்கு வெளியே. உங்கள் ஊர் எவ்வளவு இருட்டை இழந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.