சப்னாட்டிகா: 45 விநாடி மூச்சு

ஏறக்குறைய கடல் மட்டுமே உள்ள ஒரு வேற்றுக்கிரகத்தில் விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. தப்பிப் பிழைத்தவர் நீங்கள். அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட ‘சப்னாட்டிகா’ கணினி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது.

சுட்டுக் கொல்லத் துப்பாக்கி கிடையாது, வழி பார்க்க வரைபடம் கிடையாது. முதலில் உங்களுக்கு வாய்ப்பது 45 விநாடி மூச்சு. விளையாட்டின் உயிரே அதுதான். தாமிரத்தாது தேடிப் பாறையிடுக்கில் நுழையும்போதே, திரும்பி மேலேற எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இறங்க இறங்க வெளிச்சம் மங்குகிறது. ‘ரீப்பர் லெவயதன்’ என்ற ராட்சத விலங்கின் உறுமல், உருவம் தெரியுமுன்பே காதில் விழுகிறது. கடலின் அச்சத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் கண்டதில்லை.

ஜொகூரின் மெர்சிங்கில் படகேறி அவுர் தீவுக்கு ஸ்கூபா முக்குளிக்கப் போகிறவர்களுக்கும் மூச்சுக் கணக்கு பழக்கமானதே. ஆனால் அவர்கள் இந்த விளையாட்டில் ஒரு குறையை உடனே கண்டுகொள்வார்கள்: இந்தக் கடலுக்குக் கனமில்லை.

நிஜக் கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. ஒரு மூச்சுக்குச் செலவாகும் காற்றும் நான்கு மடங்கு. விளையாட்டிலோ 100 மீட்டர் வரை காற்றுச் செலவில் மாற்றமே இல்லை. அதற்குக் கீழே வேகமாகக் கரையும். ‘ரீபிரீதர்’ என்ற சுவாசக் கருவியை அணிந்துவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய பிழை மேலே ஏறுவதில் இருக்கிறது. ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளில் வலி உண்டாக்கும். முதுகுத்தண்டைத் தாக்கினால் உடலே முடங்கலாம். அதனால்தான் முக்குளிப்போர் மெதுவாக ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருகிறார்கள். சப்னாட்டிகாவில் எவ்வளவு ஆழத்திலிருந்தும் விர்ரென்று மேலே வரலாம், ஒன்றும் ஆகாது.

பாறைகள் தாமதமாகத் திரையில் தோன்றுவது, பொருள் வைக்கும் பெட்டிகளோடு ஓயாமல் மல்லுக்கட்டுவது போன்ற தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மெதுவாக மேலேற வேண்டும் என்ற இந்த ஒரு விதியை விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உருளையில் காற்று தீர்ந்துவர, தலைக்கு மேல் வெளிச்சம் தெரிய, கீழே அந்த உறுமல் கேட்க, மூன்று நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும் என்றிருந்தால், இதிலேயே மிகப் பதற்றமான கட்டம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.