மதிப்பெண்ணும் வரிசையும்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் பெற்றோர் கேட்பது ஒன்றே: "இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா?" இதற்கு மதிப்பெண் மட்டும் விடை கூறாது. ரயிலில் காத்திருப்போர் எண் பத்து என்றால், எந்த ஒதுக்கீட்டில் பத்து என்று அறிந்த பின்னரே படுக்கை கிடைக்குமா என்று சொல்ல இயலும். இதுவும் அத்தகையதே.

முதலில், எந்தத் தேர்வு என்று பார்த்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மும்பைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தன் ஐந்தாண்டுப் படிப்புக்கு 'கிளாட்' தேர்வின்படி மாணவரைச் சேர்க்கிறது. 1855-இல் தோன்றியதும், டாக்டர் அம்பேத்கர் முதல்வராகப் பணியாற்றியதுமான சர்ச்கேட் அரசினர் சட்டக் கல்லூரிக்கு மாநில அரசின் 'சி.இ.டி.' தேர்வே வழி. அதிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஒரு தேர்வு. பட்டதாரிகளின் மூன்றாண்டுப் படிப்புக்கு வேறொரு தேர்வு. ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்றோடு ஒப்பிடுதல் வீண்.

அடுத்து, 'பெர்சண்டைல்' என்பது நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்பதன்று. நூறு பேரில் எத்தனை பேர் நமக்குச் சமமாகவோ கீழாகவோ உள்ளனர் என்பதே. இருபதாயிரம் பேர் எழுதிய தேர்வில் 95 பெற்றவருக்கு முன்னால் ஏறத்தாழ ஆயிரம் பேர் நிற்கின்றனர்.

மூன்றாவதே நமக்கு முக்கியமானது. மகாராஷ்டிர மாணவருக்கும் பிற மாநில மாணவருக்கும் தரவரிசை வெவ்வேறு. பிளஸ் டூவை ஊரில் படித்த பிள்ளை எவ்வரிசையில் சேர்வான் என்பதை விதிகளில் பார்த்தறிதல் நன்று. மேலும், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழைக் காட்டி இங்கே இடஒதுக்கீடு பெற இயலாது. ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்த பழங்குடி மாணவர் ஒருவர் மும்பை மருத்துவக் கல்லூரியில் இடம் கோரிய வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் அவ்வாறே தீர்ப்பளித்தது. ஆயினும், 1950 ஆகஸ்டு 10 அன்றே இம்மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்த பட்டியல் சாதிக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள், தம் சாதி இம்மாநிலப் பட்டியலிலும் இருக்குமாயின், இங்கேயே சான்றிதழ் கோரலாம். அதற்குப் பாட்டனாரின் பழைய பள்ளிச் சான்றும் வேலைப் பதிவும் துணை நிற்கும். இவற்றைத் தேடி எடுக்கவும், செல்லுபடிச் சான்றிதழ் வாங்கவும் மாதங்கள் பல ஆகும். ஆதலால் தேர்வுக்கு முன்பே தொடங்குதல் வேண்டும்.

இவை தெளிந்தபின், விரும்பும் கல்லூரியில் நம் பிரிவினருக்கு இடம் கிடைத்த கடைசி எண் எதுவென, மூன்றாண்டுப் பட்டியல்களைச் சுற்று வாரியாகப் பாருங்கள். முதற் சுற்றில் கிடைக்காத இடம் பிற்சுற்றில் கிடைப்பதும் உண்டு. பிறர் பிரிவின் எண்ணைக் கண்டு மனமுடைவதும் வேண்டாம். மகிழ்ந்து ஏமாறுவதும் வேண்டாம்.