அப்பா வாங்கிய கடன்... பிள்ளை தலையில்!

குழந்தைகளே, நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஓர் அப்பா, ஒரு தொழிற்சாலையில் 500 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். அதை அடைப்பதற்காக அவருடைய 10 வயது மகள் அங்கே வேலைக்குப் போகிறாள். தினக் கூலி 4 ரூபாய். அதில் தினமும் 1 ரூபாயை முன்பணத்துக்காகப் பிடித்துக் கொள்கிறார்கள். மாதம் 25 நாள் வேலை. கடன் அடைய எத்தனை மாதம் ஆகும்?

20 மாதம். சரியாகச் சொன்னீர்கள்! ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

பத்து மாதம் ஆகிறது. 250 ரூபாய் அடைந்துவிட்டது. மீதி 250. அப்போது அம்மாவுக்குக் காய்ச்சல் வருகிறது. வைத்தியச் செலவுக்கு அப்பா மறுபடியும் 300 ரூபாய் வாங்குகிறார். இப்போது பாக்கி எவ்வளவு? 550 ரூபாய்! பத்து மாதம் உழைத்த பிறகு, முதல் நாள் இருந்ததைவிட 50 ரூபாய் கூடிவிட்டது. அந்தச் சிறுமி எப்போது பள்ளிக்குத் திரும்புவாள்?

உங்களுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்பதற்காக இந்த எண்களை நான் போட்டேன். ஆனால் நமது விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் பல வீடுகளில் இந்தக் கணக்குதான் நடந்தது. இது நம் ஊரில் மட்டும் நடந்ததும் அல்ல. உலகத்தில் அடிமைத்தனம் பல வழிகளில் வந்தது. போரில் பிடித்துச் சென்றார்கள்; ஆட்களைக் கடத்தினார்கள். ஆனால் சத்தமில்லாமல் வந்த ஒரு வழியும் உண்டு. அதுதான் பசியும் கடனும். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஓலையில் எழுதிய அடிமை

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை உங்களுக்குத் தெரியுமல்லவா? அவருடைய திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் வருகிறார். "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இதோ! நீ எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறார். வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிகிறது. பெரிய புராணம் சொல்லும் கதை இது. பாட்டன் எழுதிய ஓலை பேரனையும் கட்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

கதையில் மட்டுமல்ல, கல்வெட்டிலும் உண்டு. திருவாரூர் மாவட்டத்தில் திருப்பாம்புரம் என்ற ஊர் இருக்கிறது. சுமார் 1201-ஆம் ஆண்டில், சோழர் காலத்தில், அங்கே கடும் பஞ்சம். சோற்றுக்கு வழியில்லாத ஒருவர், தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக் கொண்டதாக அந்த ஊர்க் கல்வெட்டு சொல்கிறது. அவரை யாரும் சங்கிலியால் கட்டி இழுத்து வரவில்லை. பசிதான் இழுத்து வந்தது. அப்பாவோடு சேர்ந்து மகள்களும் விலை போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் வளர்ந்த விதம்

இப்போது கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம். 1607-ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் வர்ஜீனியா என்ற பகுதியில் குடியேறினார்கள். அங்கே புகையிலை நன்றாக விளைந்தது. தோட்ட வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஏழைகளுக்கோ கப்பல் கட்டணம் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். முதலாளி கட்டணத்தைக் கட்டுவார். ஏழை 4 முதல் 7 ஆண்டுகள் வரை கூலியில்லாமல் உழைத்து அதைக் கழிக்க வேண்டும். அதன் பிறகு அவருக்கு விடுதலை.

1619-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு கப்பல் வந்தது. அதிலிருந்து ஆப்பிரிக்கர்கள் இருபது பேருக்குச் சற்று அதிகமானவர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்ல. அங்கோலாவில் பிடிக்கப்பட்டு, விற்கப்பட்டவர்கள். அந்தத் தொடக்க காலத்தில் ஆப்பிரிக்கர்களிலும் சிலர் உழைத்து விடுதலை பெற்றார்கள், நிலமும் வாங்கினார்கள். பிறகு எப்படி வாழ்நாள் அடிமை ஆனார்கள்? ஒரே நாளில் அல்ல. படிப்படியாக!

1640-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரே முதலாளியிடமிருந்து மூன்று வேலையாட்கள் தப்பி ஓடிப் பிடிபட்டார்கள். இருவர் வெள்ளையர்கள். மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். வெள்ளையர் இருவருக்கும் கூடுதலாக 4 ஆண்டு வேலை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜான் பஞ்சுக்கோ வாழ்நாள் முழுவதும் வேலை! ஒரே குற்றம், இரண்டு தண்டனை.

1662-ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. தாய் அடிமை என்றால் பிறக்கும் குழந்தையும் அடிமை. இதுதான் எல்லாவற்றிலும் கொடிய படி. அதுவரை ஒரு மனிதரோடு முடிந்திருக்கக்கூடிய துன்பம், தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது. 1705-இல் வந்த சட்டம், அடிமைகளை முதலாளியின் சொத்து என்றே எழுதி வைத்தது. வீடு, நிலம் போல!

பிறகு பருத்தி வந்தது. 1793-இல் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். இயந்திரம் வந்தால் மனிதருக்கு வேலை குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? நடந்ததோ வேறு. பருத்தியில் நிறைய லாபம் கிடைத்ததால் தோட்டங்கள் பெருகின, அடிமைகளும் பெருகினார்கள். 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள், 1860-இல் சுமார் 40 லட்சம் ஆனார்கள். ஒரு பெரிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1865-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்க அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது.

நம் கடற்கரையிலும்...

அதே காலத்தில் நம் தமிழ்க் கடற்கரையிலும் மனித வியாபாரம் நடந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வாட்டின. அப்போது ஆயிரக்கணக்கான தமிழர்களை டச்சுக்காரர்கள் விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலில் கொண்டு போனார்கள். இன்றைய ஜகார்த்தா நகரம்தான் அன்றைய பத்தாவியா.

1843-இல் ஆங்கிலேய அரசு, இந்தியாவில் அடிமை உரிமையை இனி நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் போட்டது. ஆனால் கடன் என்ற கயிறு அறுபடவில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகக் கிராமங்களிலிருந்து மக்கள் போனார்கள். அவர்களை அழைத்துப் போனவர் கங்காணி. வழிச் செலவு, சாப்பாடு, துணி எல்லாவற்றையும் அவர் முதலில் கொடுப்பார். எல்லாவற்றையும் கணக்கில் எழுதிக் கொள்வார். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இந்த ஆளுக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவோம் என்று ஒரு காகிதம் தருவார்கள். அதற்குப் பெயர் 'துண்டு'. 1921-ஆம் ஆண்டில்தான் இந்தத் துண்டு முறை ஒழிந்தது.

பாருங்கள் குழந்தைகளே! சோழ நாட்டில் ஓலை, வர்ஜீனியாவில் ஒப்பந்தம், இலங்கையில் துண்டு. பெயர்தான் மாறியது.

கரிசல் மண்ணில் தீப்பெட்டி

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மழை குறைவு. கரிசல் காட்டில் வானம் பார்த்த வெள்ளாமை. மழை பொய்த்தால் வீட்டில் அடுப்பு எரியாது. சிவகாசியைச் சேர்ந்த பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பிறகு பட்டாசு வந்தது, அச்சகங்கள் வந்தன. வறண்ட பூமிக்கு வேலை கிடைத்தது. 'குட்டி ஜப்பான்' என்று ஊருக்குப் பெயரும் கிடைத்தது. இதெல்லாம் நமக்குப் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் சின்னச் சின்ன விரல்களும் இருந்தன. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது ஆகிய வேலைகளில் ஏராளமான குழந்தைகள் இருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கே தொழிற்சாலைப் பேருந்து கிராமத்துக்கு வந்துவிடும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் ஏறுவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும்.

நான் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த 1980-களில், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் இருக்கும் பிள்ளை எழுந்து, "அவ ஆபீசுக்குப் போயிட்டா டீச்சர்!" என்று சொல்லும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆபீஸ்!

அந்தப் பெற்றோர் பொல்லாதவர்களா? இல்லை. மழை இல்லாத வருடத்தில் கையில் கிடைத்த முன்பணம் அது. அதை அடைக்கப் பெரியவர் கூலி போதவில்லை. அதனால் பிள்ளையும் போனது.

அப்படியானால் அமெரிக்க அடிமையும் சிவகாசிப் பிள்ளையும் ஒன்றா? ஒன்றல்ல. நம் பிள்ளைகளை யாரும் சந்தையில் ஏலம் போடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா மடியில் தூங்கினார்கள். இந்த வித்தியாசம் பெரியது, அதை மறக்கக் கூடாது. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் தொட்டுக் கொள்கின்றன. தான் செய்யாத ஒன்றுக்காகக் குழந்தை கட்டுப்பட்டது. கடன் வாங்கியவர் அப்பா. படிப்பை இழந்தவள் மகள்.

கயிறு அறுந்தது எப்படி?

ஒரே வெட்டில் அறுபடவில்லை. ஒவ்வோர் இழையாக அறுந்தது.

முதல் இழை பசி. விருதுநகரில் பிறந்த காமராசர், சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அவர் முதலமைச்சரானதும் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். வயிறு நிறைந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாவது இழை கடன். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஒருவரைக் கொத்தடிமையாக்கிய கடன் இனிச் செல்லாது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று அது சொன்னது.

மூன்றாவது இழை வேலை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம், 14 வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசியிலும் சிறப்புப் பள்ளிகள் வந்தன.

எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர், சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால், முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாக வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக்கு உதவ வேண்டும். கவனித்தீர்களா? பிள்ளையின் தலையில் கடன் ஏறிய காலம் போய், பிள்ளையின் பெயரில் பணம் சேரும் காலம் வந்தது!

தீர்ப்பு வந்த டிசம்பர் 10, மனித உரிமைகள் தினம். யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 1948-இல் அறிவித்த அதே நாள்.

2010-இல் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2016-இல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயது நிறையாத எவரையும் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழிலில் சேர்க்கக் கூடாது.

உங்கள் பங்கு என்ன?

எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் இருக்கும் வரை அந்தக் கயிறு வேறு பெயரில் வரும். செங்கல் சூளையிலும் வரலாம், நூற்பாலையிலும் வரலாம், பக்கத்து வீட்டிலும் வரலாம்.

உங்கள் பெஞ்சில் உட்காரும் நண்பன் நான்கைந்து நாளாக வரவில்லையா? "லீவு போட்டுட்டான்" என்று விட்டுவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று விசாரியுங்கள். வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், கட்டணம் கிடையாது. இது கோள் சொல்வது ஆகாது, நண்பனுக்குச் செய்யும் உதவி.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அப்பா அம்மா வாங்கிய கடனுக்காக ஒரு குழந்தை தன் படிப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. இன்று நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.