லீ-என்பீல்ட் ரைபிள் மீளமைப்பு

லீ-என்பீல்ட் ரைபிள் மீளமைப்பு என்பது, வேட்டைக்காக மாற்றப்பட்ட பழைய பிரித்தானியப் படைத்துறை ரைபிள்களை அவற்றின் தொடக்க வடிவத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் பணியாகும். துப்பாக்கிச் சேகரிப்பாளர்களும் கம்மியர்களும் இதில் ஈடுபடுகின்றனர். எந்த மாற்றத்தைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய இயலாது என்று முதலில் பிரித்தறிவதே இப்பணியின் அடிப்படையாகும்.

பின்னணி

.303 அங்குலத் தோட்டாவைப் பயன்படுத்தும் லீ-என்பீல்ட் ரைபிள்கள் 1895 ஆம் ஆண்டு முதல் பிரித்தானியப் படைகளில் பயன்பட்டன. 1907 இல் ஏற்கப்பட்ட மார்க் 3 வகை முதல் உலகப் போரிலும், எண் 4 வகை இரண்டாம் உலகப் போரிலும் பெருமளவில் பயன்படுத்தப்பட்டன. இங்கிலாந்தின் என்பீல்ட், பர்மிங்காம், ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், இந்தியாவின் இசாப்பூர் ஆகிய இடங்களில் இவை தயாரிக்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மிகுதியான ரைபிள்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்கள் எடையைக் குறைத்து வேட்டைக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்களும் இவ்வாறு மாற்றி விற்றன. இத்தகைய ரைபிள்கள் 'ஸ்போர்ட்டர்' எனப்படுகின்றன.

வழக்கமான மாற்றங்கள்

- குழலின் கீழுள்ள முன்கட்டை வெட்டப்படும். குழலின் மேலுள்ள கைகாப்பு மரம் அகற்றப்படும்.
- முன்முனை மூடியும் உலோகப் பட்டைகளும் நீக்கப்படும்.
- குழலின் நீளம் குறைக்கப்படும்.
- தொலைநோக்கியைப் பொருத்த, உடற்பகுதியில் துளைகள் இடப்படும்.
- மரத்தின் மீது வார்னிஷ் பூசப்படும்.

மீளமைக்கும் முறை

மரமும் பட்டைகளும் மட்டும் நீக்கப்பட்டிருந்தால் மீளமைப்பு எளிது. குழல் வெட்டப்பட்டிருந்தால் முழுக் குழலையும் மாற்ற வேண்டும். இதில் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. மார்க் 3 வகையில் பயனெட் கத்தி முன்முனை மூடியில் பொருந்துவதால், மூடியை மாற்றினால் போதும். எண் 4 வகையில் பயனெட் பொருந்தும் முனைப்புகள் குழலிலேயே உள்ளன. எனவே அவற்றை இழந்த குழலுக்குப் புதிய மூடி உதவாது.

புதிய முன்கட்டையைத் திருகினால் மட்டும் போதாது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பைத் தாங்க, அதன் பின்பகுதி உடற்பகுதியுடன் நெருங்கிப் பொருந்த வேண்டும். தவறினால் மரம் பிளப்பதோடு குறியும் தவறும். லித்கோ ரைபிள்களில் மென்மையான உள்நாட்டு மரம் பயன்பட்டதால், இவ்விடத்தில் செப்புத் தகடுகள் வைக்கப்பட்டன. மரத்துக்கு வார்னிஷுக்குப் பதிலாக ஆளி விதை எண்ணெய் தேய்ப்பதே படைத்துறை வழக்கம்.

பாதுகாப்பு

.303 தோட்டாவின் அடிப்பகுதியில் விளிம்பு உண்டு. அவ்விளிம்பு அமரும் இடைவெளி அளவுக்கு மேல் இருந்தால் தோட்டாக் கூடு பிளந்து, சுடுபவருக்குக் காயம் ஏற்படலாம். ஆகவே, குழலையோ போல்ட்டையோ மாற்றிய பின்னர் தகுதியுள்ள கம்மியர் ஒருவர் அளவுமானியால் சோதித்த பின்னரே சுட வேண்டும். எண் 4 வகையில் இவ்விடைவெளியைச் சரிசெய்ய 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்ட போல்ட் தலைகள் உள்ளன. உடற்பகுதியில் உள்ள துளைகளைப் பற்றவைத்து அடைப்பது ஆபத்தானது. வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுக்கும். திருகாணியால் மூடுவதே பாதுகாப்பானது.

உண்மைத்தன்மை

படையில் இருந்தபோது உடற்பகுதியிலும் போல்ட்டிலும் ஒரே தொடரெண் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றுப் பகுதியில் அவ்வெண்ணைப் புதிதாகப் பொறித்து, தொடக்கப் பகுதி போலக் காட்டி விற்பது மோசடியாகும். செய்த வேலைகளை எழுதிவைத்து, வாங்குபவரிடம் தெரிவிப்பதே முறை. ஒரு ரைபிளை மீட்பதற்காக முழுமையான மற்றொன்றைப் பிரித்தால், எஞ்சியுள்ள முழு ரைபிள்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. பெயர்பெற்ற நிறுவனங்கள் மாற்றியவற்றைத் தனி வரலாறு கொண்டவையாகக் கருதி, அவ்வாறே விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு.

சட்டம்

பல நாடுகளில் இவற்றை வைத்திருக்கவும் திருத்தவும் உரிமம் தேவை. இந்தியாவில் படைக்கலச் சட்டம், 1959 பொருந்துகிறது. இங்கு .303 தடைசெய்யப்பட்ட குழலளவாகும். எனவே பொதுமக்களுக்காக இசாப்பூரில் லீ-என்பீல்ட் அமைப்பைத் தழுவி .315 அளவு ரைபிள் தயாரிக்கப்பட்டது. குடிசார் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டதால், அதற்கு மீட்க வேண்டிய படைத்துறை வடிவம் இல்லை.