கோடு உண்டு, தொடர்பு உண்டா?

நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டப் பாதைகளில், வளைவுக்கு வளைவு கைத்தொலைபேசியின் சமிக்ஞைக் கோடுகள் தோன்றி மறைவதைக் காண்கிறோம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலையக மாணவர் பலர் இணையவழிப் பாடத்துக்காகக் குன்றேறியதை நாடறியும்.

கோடு தெரிவதனால் இணையம் கிட்டிவிட்டதென்று கொள்ளலாகாது. கோபுரத்தின் அலை எட்டுகிறது என்பதே அதன் பொருள். எனவே அண்ட்ரொயிட் தொலைபேசி, தொலைவிலுள்ள கணினியொன்றுக்குச் சிறு வினா விடுக்கிறது. 204 என்னும் வெற்று விடை திரும்பினாலன்றி இணையம் உண்டென அது நம்பாது. நிலை மாறுந்தோறும் செயலிகளுக்கும் அறிவிக்கிறது. அதற்குப் பொறுக்காமல் ஓயாது வினவும் செயலிகளும் உள, மின்கலத்துக்குத்தான் கேடு!

அறிவிப்பைக் கவனியாத செயலி, மாணவி எழுதிய விடையை வழியிலே தொலைத்துவிடக்கூடும். கவனிக்கும் செயலியோ அதனைத் தன்னிடமே காத்துவைத்து, தொடர்பு மீண்டதும் ஆசிரியருக்கு அனுப்பும். அவள் மீண்டும் குன்றேற வேண்டுவதில்லை.